மோட்டார் இல்லாத பம்பும் மதுரை வெயிலும்

மதுரையில் வெயிலைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தால் ஐந்தே நிமிடத்தில் அது ஏ.சி.யில் போய் முடிந்துவிடும். எத்தனை டன், எத்தனை ஸ்டார், கரண்ட் பில் எவ்வளவு வந்தது... அவ்வளவுதான். வெப்பம் என்றால் காசு கொடுத்து, கரண்ட் கொடுத்து விரட்ட வேண்டிய எதிரி என்று நம் எல்லோர் மண்டையிலும் ஏறிவிட்டது. மெக்கானிக்கல் படிக்கிற நாங்களே அப்படித்தான் யோசிக்கிறோம் என்பதுதான் கொடுமை. எங்கள் கையில் இருக்கும் ஹீட் டிரான்ஸ்ஃபர் புத்தகத்தில் ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் அத்தியாயம் அத்தியாயமாகக் கணக்கு இருக்கிறது. ஹீட் பைப்புக்கு முக்கால் பக்கம். லூப் ஹீட் பைப்பின் பெயரே இல்லை.

அந்தப் பெயர் இல்லாத ஆசாமியைப் பற்றித்தான் இன்றைக்கு. சாட்டிலைட்டுக்கு மட்டுமே உரிய சமாசாரம் என்று அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். என் கட்சி வேறு. வெயிலும் தூசியும் மின்வெட்டும் ஒன்றாகக் கூடி வரும் நம் சமவெளிக்குத்தான் அது ரொம்பப் பொருத்தம். ஏ.சி.க்குப் பதிலாக இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டைக் குளிரவைக்க அதனால் முடியாது. நான் சொல்வது வெட்டவெளியில் நிற்கும் எலெக்ட்ரானிக்ஸ் பெட்டிகளுக்கு.

சரி, அது எப்படி வேலை செய்கிறது? இட்லிப் பானையிலிருந்து தொடங்குவோம். மதுரைக்காரனுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அடியில் தண்ணீர் கொதிக்கிறது. ஆவி மேலே போகிறது. குளிர்ந்த மாவில் பட்டதும் மறுபடி தண்ணீராகிறது. ஆகும்போது தன்னிடம் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை மாவிடம் கொடுத்துவிட்டு, சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 293 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை 100 டிகிரியில் முழுக்க ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். பள்ளியில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்தோமே, அதுதான். கொதிநீர் பட்ட கையைவிட ஆவி பட்ட கை மோசமாக வேகிறது என்றால் காரணம் இந்த எட்டு மடங்கு வித்தியாசம்.

இப்போது அந்தப் பானையிலிருந்து காற்றை எல்லாம் வெளியேற்றிவிட்டு இறுக மூடிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீரும் அதன் ஆவியும் மட்டும்தான். அந்த நிலையில் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வரை காத்திருக்கத் தேவையில்லை. 60 டிகிரியிலேயே கொதிக்கும். உள்ளே அழுத்தம் சுமார் 20 கிலோபாஸ்கல், அதாவது வெளிக்காற்றின் ஐந்தில் ஒரு பங்கு. அடியில் கொஞ்சம் சூடு, மேலே கொஞ்சம் குளிர்ச்சி இருந்தால் போதும். ஆவி மேலே போய், தண்ணீராகிக் கீழே வந்து, மறுபடி மேலே போய்க்கொண்டே இருக்கும். மோட்டார் கிடையாது, வால்வு கிடையாது. இதற்குத் தெர்மோசைஃபன் என்று பெயர்.

இது ஏதோ ஆய்வுக்கூட வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். 1977-ல் ஓடத் தொடங்கிய அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்ப் பாதையின் தூண்களில் அமோனியா நிரப்பிய இத்தகைய குழாய்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் நிற்கின்றன. உறைந்த நிலம் உருகித் தூண் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, குளிர்காலத்தில் நிலத்தின் வெப்பத்தை உறிஞ்சி மேலே காற்றில் விடுகின்றன. கோடையில் மேலே சூடு, கீழே குளிர்ச்சி. அப்போது தானாகவே நின்றுவிடும். யாரும் போய் ஸ்விட்ச் போடுவதில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல். திரும்பி வரும் தண்ணீர் கீழே விழுந்துதான் ஆக வேண்டும். சூடு மேலேயும் குளிர்ச்சி கீழேயும் இருந்தால் அவ்வளவுதான், கதை முடிந்தது. விண்வெளியிலோ மேல் கீழ் என்பதே இல்லை.

அதற்கு வந்த விடைதான் சாதாரண ஹீட் பைப். ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த காக்லர் 1944-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் க்ரோவர் மறுபடி செய்து காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. குழாயின் உள்சுவர் முழுக்க ஒரு திரியை ஒட்டிவிடுகிறார்கள். அகல் விளக்கில் எண்ணெய் திரி வழியே மேலே ஏறுகிறதே, அதே நுண்புழை ஏற்றம். நடுவில் ஆவி ஒரு பக்கம் போகும், ஓரத்துத் திரியில் தண்ணீர் எதிர்ப்பக்கம் வரும். உங்கள் லேப்டாப்பைக் கழற்றினால் தட்டையான செம்புக் குழாய் ஒன்று வளைந்து ஃபேன் பக்கம் போகும் பாருங்கள், அதுதான் இது.

கொஞ்ச தூரத்துக்கு அருமையான பொருள். தூரம் கூடினால் திணறும். காரணம் ஜிகர்தண்டா குடிக்கிற எல்லோருக்கும் தெரியும். திரியின் துளை சின்னதாக இருந்தால் இழுவிசை அதிகம். ஆனால் சின்னத் துளை வழியே நீண்ட தூரம் திரவத்தை இழுப்பது, மெல்லிய ஸ்ட்ராவில் ஜிகர்தண்டா குடிப்பது மாதிரி. கன்னம் வலிக்கும், ஜிகர்தண்டா வராது. துளையைப் பெரிதாக்கினால் சுலபமாக வரும், ஆனால் இழுக்கும் சக்தி போய்விடும். போதாததற்கு, ஒரே குழாய்க்குள் ஆவி ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த் திசையிலும். மாசி வீதியில் எதிரும் புதிருமாக இரண்டு மினி லாரி நுழைந்த கதைதான்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் சோவியத் ரஷ்யாவின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்தில் (இன்றைக்கு எக்கத்தரின்பர்க்) இருந்த கெராசிமோவ், மைதானிக் என்ற இரண்டு பேர். 1972-ல் முதல் கருவி, 1974-ல் சோவியத் காப்புரிமை. அவர்கள் செய்ததைச் சொன்னால் 'ப்பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றும். திரியை எதற்குக் குழாய் முழுக்க ஒட்ட வேண்டும்? சூடு நுழைகிற இடத்தில் மட்டும் வைத்தால் போதாதா? மற்ற இடமெல்லாம் வெறும் வழுவழுப்பான குழாய். ஆவி போக ஒன்று, தண்ணீர் வர இன்னொன்று. ஒரு வளையம். அதனால்தான் 'லூப்'.

திரி சில மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால், துளையை ஒரு மைக்ரான் அளவுக்குச் சுருக்கினாலும் திரவம் கடக்க வேண்டிய தூரம் அந்தச் சில மில்லிமீட்டர்தான். ஸ்ட்ரா மெல்லியது, ஆனால் நீளம் அரை விரற்கடை. இழுவிசையும் கிடைக்கிறது, ஓட்டமும் கிடைக்கிறது. எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது உண்மையிலேயே விசில் அடிக்கத் தோன்றியது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். சூடான சிப்பின் மேல் ஒரு உலோக உருளை உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் நிக்கல் தூளையோ டைட்டானியத் தூளையோ சூட்டில் இறுக்கிச் செய்த திரி. திரியின் வெளிப்பக்கம் ஆவி ஓடச் சின்னச் சின்ன வாய்க்கால்கள். உட்பக்கம் திரவம். அதை ஒட்டியே ஒரு சின்னத் தொட்டி. ஆங்கிலத்தில் இதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, நான் 'சம்ப்' என்றே சொல்கிறேன், நம் வீட்டு வாசலில் இருக்கிற அதே சம்ப். சூடு வெளியிலிருந்து வருவதால் திரியின் வெளிமுகத்தில் திரவம் ஆவியாகிறது. அந்த ஆவி திரிக்குள் திரும்பிப் போக முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு துளை வாயிலும் திரவம் பரப்பு இழுவிசையால் வளைந்து, மூடி மாதிரி நிற்கிறது. வேறு வழியில்லாமல் ஆவி குழாய் வழியே கண்டென்ஸருக்கு ஓடுகிறது. அங்கே தண்ணீராகி, பின்னால் வரும் ஆவி தள்ளத் தள்ள, சம்ப்புக்கு வந்து சேர்கிறது. ஆகவே, சூடே மோட்டார். சிப் அதிகம் வேலை செய்தால் பம்ப் வேகமாக ஓடும். சிப் தூங்கினால் பம்ப்பும் தூங்கும். (கோயம்புத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இதுவும் பம்ப்தான் :-))

சில கணக்குகள் போட்டுப் பார்த்தேன். 100 வாட் வெப்பத்தை 60 டிகிரியில் தண்ணீரை ஆவியாக்கிக் கடத்த, நிமிடத்துக்கு இரண்டரை கிராம் தண்ணீர் போதும். அரை டீஸ்பூன்! அதே 100 வாட்டை, ஆவியாக்காமல், 5 டிகிரி மட்டும் சூடேறும் குளிர்நீரை ஓட்டிக் கடத்தினால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 290 கிராம் வேண்டும். திரவமே வேண்டாம், கெட்டியான செம்புக் கம்பி போடுகிறேன் என்கிறீர்களா? ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கம்பியில் அரை மீட்டர் தூரத்துக்கு 100 வாட் அனுப்ப, இரண்டு முனைக்கும் நடுவே 1250 டிகிரி வித்தியாசம் தேவை. செம்பு 1085 டிகிரியிலேயே உருகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. ஆவிக் குழாயின் உள்விட்டம் 3 மில்லிமீட்டர், அதாவது பேனா ரீஃபில் தடிமன் என்று வைத்துக்கொண்டால், அதே 100 வாட்டுக்கு ஆவி மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். திரும்பி வரும் தண்ணீர் விநாடிக்கு 6 மில்லிமீட்டர் நகரும். போகும்போது வைகை எக்ஸ்பிரஸைவிட வேகம், வரும்போது எறும்பு.

1989-ல் முதன்முதலாக இது சோவியத் விண்கலம் ஒன்றில் மேலே போனது. 2003-ல் நாசாவின் ஐஸ்சாட் தன் லேசர் கருவியின் சூட்டை இப்படித்தான் வெளியேற்றியது. நம் இஸ்ரோவும் ஹீட் பைப் குடும்பத்துக்குப் புதியதல்ல. 2017 ஜூன் 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. மார்க் 3 ஏற்றிச்சென்ற ஜிசாட்-19-ல், சோதனை முயற்சிகளின் பட்டியலில் சிறிய வடிவ ஹீட் பைப்பும் இருந்தது. மேலே காற்றே இல்லாததால் ஃபேன் வைத்துப் பிரயோஜனமில்லை. ரிப்பேர் பார்க்க ஆளும் போக முடியாது. அதனால் அசையும் பாகம் இல்லாத பொருளைத் தேடிப் போனார்கள்.

இங்கே நிறுத்தி ஒரு விஷயம். இதை வகுப்பில் ஒருத்தனிடம் சொன்னதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, 'அட, இது நம்ம மண்பானைடா! முன்னோர்கள் அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க!' வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வருவதற்கு முன்னால் இதைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

மண்பானையும் இதுவும் பாதி தூரம்தான் ஒன்றாக வருகின்றன. பானையின் சுவரிலும் நுண்துளைகள் உண்டு. அவற்றில் தண்ணீர் கசிந்து வெளிமுகத்தில் ஆவியாகிறது. அதுவரை ஒற்றுமை. ஆனால் பானை திறந்த அமைப்பு. போன ஆவி திரும்பி வராது, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதனாலேயே பானையால் ஒன்று முடியும்: வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியும். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 25 சதவீதம் இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை கிட்டத்தட்ட 24 டிகிரி. பானைத் தண்ணீர் அதை நோக்கி இறங்கும். நம் ஊரின் காய்ந்த காற்றில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும், சென்னைக் கடற்கரைப் பக்கம் அவ்வளவாக எடுபடாததும் இதனால்தான். லூப் ஹீட் பைப் மூடிய அமைப்பு. ஒரு சொட்டுகூட வெளியே போகாது. அதற்கு விலையாக, சூடான இடத்திலிருந்து அதைவிடக் குளிர்ந்த இடத்துக்கு மட்டும்தான் வெப்பத்தை நகர்த்தும். வெளியே 42 டிகிரி என்றால் அதற்குக் கீழே எதையும் இறக்காது. அறையை 24-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் கம்ப்ரஸர்தான், வேறு வழி இல்லை. இதை மறைத்துவிட்டு 'கரண்ட் இல்லாத ஏ.சி.' என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

அப்படியானால் 42 டிகிரி ஊரில் இதனால் என்ன பிரயோஜனம்?

சிப்புக்கும் கெப்பாசிட்டருக்கும் 24 டிகிரி தேவையே இல்லை. அவற்றை 85 டிகிரிக்குள் வைத்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். குளுகுளு ஆய்வகத்தில் 25 டிகிரியில் சோதிக்கும்போது கையில் 60 டிகிரி இடைவெளி இருக்கிறது. அதே பெட்டியை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கம்பத்தில் சித்திரை வெயிலில் மாட்டுங்கள். காற்று 42. வெயில் நேராக அடிப்பதால் பெட்டிக்குள் எதுவும் வேலை செய்வதற்கு முன்பே 55 ஆகிவிட்டது என்று வையுங்கள். இடைவெளி 30. பாதி போய்விட்டது. வெளிநாட்டுக் கையேட்டில் எழுதியிருக்கும் வாட் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். கோடையில் ரூட்டரும் இன்வெர்ட்டரும் தெருவிளக்கு டிரைவரும் சொல்லிவைத்த மாதிரி செத்துப்போவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

வழக்கமான வைத்தியம் ஃபேன். ஃபேன் என்றால் பெட்டியில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்டால் காற்றோடு கரிசல் தூசியும் வரும். அதற்கு ஃபில்டர் மாட்ட வேண்டும். ஃபில்டரை யாராவது மாதாமாதம் சுத்தம் செய்ய வேண்டும். அந்த 'யாராவது' எங்கள் ஊர்ப்பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. ஃபில்டர் அடைத்ததும் ஃபேன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், காற்றுதான் வராது.

லூப் ஹீட் பைப் இருந்தால் பெட்டியை முழுக்க சீல் வைத்துவிடலாம். சுவரைத் துளைத்து வெளியே வருவது இரண்டே இரண்டு மெல்லிய குழாய்கள். அவை வளையும். எனவே கண்டென்ஸரைப் பெட்டியிலேயே ஒட்டவேண்டிய அவசியம் இல்லை. என் வாதத்தில் முக்கியமான இடம் இதுதான். பெட்டி வெயிலில் நின்றாலும், வெப்பத்தை வெளியே விடும் தகட்டை ஒன்றரை மீட்டர் தள்ளி, வடக்குப் பக்க நிழலில் வைத்துக்கொள்ளலாம். தகடு பார்ப்பது 55 டிகிரிப் பெட்டியை இல்லை, 42 டிகிரிக் காற்றை. ஆவி 70 டிகிரியில் இருந்தால் 28 டிகிரி வித்தியாசம். ஃபேன் இல்லாத இயற்கைக் காற்றோட்டத்துக்கு ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரிக்கு 8 வாட் என்று கணக்குப் போட்டால், 100 வாட்டுக்கு அரை சதுர மீட்டருக்கும் கொஞ்சம் குறைவான தகடு போதும். மடித்து ஃபின்னாக வைத்தால் ஒரு நோட்டுப் புத்தகக் கட்டு அளவுதான் வரும்.

இதில் நம் ஊர் வெயில் ஒரு உதவியும் செய்கிறது. நம்ப மாட்டீர்கள், ஆனால் நிஜம். ஒரு மைக்ரான் ஆரமுள்ள துளையில் தண்ணீரின் இழுவிசை சுமார் 130 கிலோபாஸ்கல், அதாவது 13 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். கேட்கப் பிரமாதம். ஆனால் உள்ளே ஓடும் ஆவியின் அழுத்தமே 40 டிகிரியில் வெறும் 7.4 கிலோபாஸ்கல்தான். இருக்கிற அழுத்தத்துக்கு மேல் எப்படித் தள்ளும்? முக்கால் மீட்டர் உயரத்திலேயே மூச்சு முட்டிவிடும். 70 டிகிரியில் அது 31 கிலோபாஸ்கல். நாலு மடங்கு! குளிர்நாட்டில் சிப்பை 45 டிகிரியில் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தண்ணீர் சோம்பேறி. 65, 70 டிகிரியில் ஓட்டியே ஆகவேண்டிய நமக்கு அது சுறுசுறுப்பான வேலையாள். விண்கலங்களில் அமோனியா ஊற்றுவதற்கு ஒரு காரணமும் இதுதான். 25 டிகிரியிலேயே அதன் அழுத்தம் 1000 கிலோபாஸ்கல், -77 வரை உறையவும் செய்யாது. ஆனால் விஷம், செம்பையும் அரித்துவிடும். தெருக்கம்பத்தில் மாட்ட எனக்குத் தைரியம் இல்லை. தண்ணீரே போதும்.

பெரிய அளவில் யோசித்தால், மதுரைக்குத் தெற்கே கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர்கள் 98 சதவீதத் திறனில் ஓடுவதாக வைத்துக்கொண்டாலும், முழு உற்பத்தியின்போது மிச்ச 2 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 13 மெகாவாட், வெறும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். அதுவும் எப்போது? வெயில் உச்சியில் இருக்கும்போது. நாளின் மிக மோசமான நேரத்தில் மிக அதிகமான சூடு. தூசி நிறைந்த அந்தப் பொட்டலில் இந்த வேலையைச் சுழலும் இறக்கைகளை நம்பி விடுவதா, சுழலாத ஒன்றை நம்பி விடுவதா என்று ஒரு எஞ்சினியராவது கேட்டுப் பார்க்கலாம்.

எதிர்க்கட்சி வாதங்களையும் சொல்லிவிட வேண்டும். முதல் வாதம்: 'கண்டென்ஸரைப் பெட்டிக்கு மேலே வைக்க முடியும் என்றால் தெர்மோசைஃபன் போதுமே, இவ்வளவு திரி எதற்கு?' முழுக்க ஒத்துக்கொள்கிறேன். மேலே வைக்க முடிகிற இடத்தில் அதைத்தான் செய்ய வேண்டும், அது மலிவு. ஆனால் உயர்ந்த கம்பத்தின் உச்சியில் நிற்கும் ரேடியோப் பெட்டிக்கு மேலே என்ன இருக்கிறது? சூரியன்தான் இருக்கிறது. நிழல் கீழே. சூட்டைக் கீழ்நோக்கி இறக்கத் தெர்மோசைஃபனால் ஆகாது. அரை மீட்டர் கீழே வைத்தால் இந்தத் திரி கேட்கும் கூடுதல் அழுத்தம் வெறும் 5 கிலோபாஸ்கல்.

இரண்டாவது வாதம் இன்னும் பலமானது. 'ஃபேன் கெட்டால் மீனாட்சி பஜாரில் சில நூறு ரூபாயில் வாங்கி யார் வேண்டுமானாலும் மாட்டலாம். உன் லூப் கெட்டால்?' உண்மை. லூப்பில் ஒரு துளி வெளிக்காற்று நுழைந்தாலும் அது கண்டென்ஸரிலோ சம்ப்பிலோ தேங்கி வேலையைக் கெடுக்கும். பெட்டிக்குள் சூடு ரொம்பக் குறைவாக இருக்கும்போது சில சமயம் ஓடத் தொடங்காமலே அடம்பிடிக்கும். திரி வழியே கொஞ்சம் சூடு பின்பக்கமாக சம்ப்புக்குக் கசிவதும் தலைவலி, திரும்பி வரும் தண்ணீர் போதுமான அளவு குளிர்ந்திருந்தால்தான் அது சரியாகும். தெருவோர மெக்கானிக் திறந்து பார்க்கும் பொருள் இல்லை இது. என் பதில் ஒன்றுதான்: நன்றாகச் செய்து சீல் வைத்தால் திறக்க வேண்டிய தேவையே வராது, நம் வீட்டு ஃபிரிட்ஜின் கேஸ் லைன் மாதிரி. அதையும் ஒரு காலத்தில் யாரும் இங்கே செய்ததில்லை.

2012-ல் நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன நாட்கள் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு அப்படி இல்லை. ஆனாலும் கரண்ட் போனதும் பேட்டரியில் ஓடும் கருவிக்கு, தன்னைக் குளிர்விக்கவே பேட்டரியைச் செலவழிக்காமல் இருப்பது எவ்வளவு லாபம் என்று அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் ஆதங்கம் ஒன்றில்தான். 2021-ல் ஷியோமி கம்பெனி இதே தத்துவத்தைச் செல்போனுக்குள் வைக்கப்போவதாக அறிவித்தது. உள்ளங்கைக்குள் வரும் அளவுக்கு விஷயம் சாதாரணமாகிக்கொண்டிருக்கிறது. நாமோ ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றால் இன்னும் வெளியில் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கிய சோலார் வாட்டர் ஹீட்டருக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம். இதில் கஷ்டமான பாகம் திரி ஒன்றுதான். குழாய் வளைப்பது, பிரேசிங் செய்வது, வேக்குவம் போடுவது எல்லாம் ஏ.சி. மெக்கானிக் தினமும் செய்கிற வேலை. தூளைச் சூட்டில் இறுக்கித் திரி செய்யும் பொறுமையும், அதைச் சோதிக்கும் முறையும் மட்டும்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது.

அதைச் சோதிக்கப் பெரிய லேப் தேவையில்லை. கெமிஸ்ட்ரி லேபில் வடிகட்டப் பயன்படும் நுண்துளைக் கண்ணாடி வட்டு ஒன்று போதும், நாலாம் நம்பர் வட்டு என்றால் துளை 10 முதல் 16 மைக்ரான். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பக்கம் தண்ணீர் நிற்க, மறுபக்கம் சைக்கிள் பம்ப்பால் மெதுவாகக் காற்றழுத்தம் ஏற்ற வேண்டும். பிரஷர் கேஜ் ஒன்று நடுவில். துளையை அடைத்து நிற்கும் தண்ணீர் எந்த அழுத்தத்தில் தோற்று முதல் குமிழி வருகிறதோ, அதுதான் அந்தத் திரியின் உச்ச இழுவிசை. 16 மைக்ரான் விட்டத்துக்கு அது சுமார் 18 கிலோபாஸ்கல் வர வேண்டும், 1.8 மீட்டர் தண்ணீர். அடுத்து, மானாமதுரைப் பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து அதே இடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம். பீங்கான் திரி வைத்த லூப்புகளை வெளிநாட்டு ஆய்வுகளில் ஏற்கெனவே ஓட்டியிருக்கிறார்கள், அதனால் இது பைத்தியக்காரத்தனம் இல்லை. மூன்று பேர் இருக்கிறோம். வேக்குவம் பம்ப் இரவல் தரக்கூடியவர்கள் யாராவது மதுரையில் இருந்தால் சொல்லுங்கள்.